கால்சா: இறுதியாண்டின் இரண்டு கணக்குகள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் கால்சா என்பது கடலோரப் பழைய குடியிருப்பு. அங்கே பியாத்சா மரீனா சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் ஸ்தேரி மாளிகை 14-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கத்தோலிக்க மதவிசாரணை மன்றம் 1782-இல் ஒழிக்கப்படும்வரை அங்குதான் இயங்கிற்று. கைதிகள் சிறைச் சுவர்களில் வரைந்த படங்களையும் எழுதிய வரிகளையும் இன்றும் பார்க்கலாம். 1806-இல் தோன்றிய பலெர்மோ பல்கலைக்கழகத்தின் தலைமை நிர்வாகம் இருப்பதும் இப்போது அதே மாளிகையில்தான். இறுதியாண்டு மாணவர் எவரிடமாவது இதைச் சொன்னால், "விசாரணை இன்னும் முடியவில்லை" என்று பதில் வரக்கூடும்.

அந்தப் பதிலை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. இத்தாலியில் பல பரீட்சைகள் வாய்மொழியாகவே நடக்கின்றன. மேசைக்கு அப்பால் பேராசிரியர், இப்பால் மாணவர், பின்னால் காத்திருக்கும் மற்றவர்கள். புள்ளிகள் முப்பதுக்கு, பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. கிடைத்த புள்ளி போதாது என்று நினைத்தால் அதை மறுத்துவிட்டு இன்னொரு தவணையில் மீண்டும் வரலாம். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் "இன்னும் கொஞ்சம் நல்லாய்ச் செய்யலாம்" என்று தள்ளிப்போட்டு வருடங்களைத் தொலைத்தவர்கள் அங்கு ஏராளம். உரிய காலத்துக்குள் முடிக்காதவர்களைக் குறிக்க 'ஃபுவோரி கோர்சோ' என்றொரு சொல்லே உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் 'அரியர்' என்ற சொல்லுக்கு உறவுக்காரச் சொல். நம்மூரில் அரியர் வைத்தவன் அதை வீட்டில் மறைப்பான், அங்கும் மறைக்கிறார்கள். பரீட்சைகளெல்லாம் முடிந்துவிட்டன என்று வீட்டாரை நம்பவைத்து, பட்டமளிப்பு நாள் நெருங்கியதும் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்களைப் பற்றி இத்தாலியப் பத்திரிகைகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை எழுதிவிட்டன.

அழுத்தம் பாடத்தில் மட்டும் இருந்தால் ஒரு பிள்ளை இப்படிப் பொய் சொல்ல வேண்டியதில்லை. இறுதியாண்டு என்பது ஒரு குடும்பம் பல வருடங்களாகப் போட்டுவந்த கணக்குக்கு விடை கேட்கும் ஆண்டு. இதை நன்கு காட்டும் ஒரு வாழ்க்கை கால்சாவிலேயே இருக்கிறது.

மாஃபியாவை எதிர்த்து நின்ற நீதிபதிகள் ஜொவான்னி ஃபால்கோனே, பாவ்லோ போர்செல்லீனோ இருவருமே கால்சாவில் பிறந்தவர்கள். ஒருவர் 1939-இல், மற்றவர் 1940-இல். இருவரும் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்கள். போர்செல்லீனோவின் தந்தை வியா தெல்லா வெத்ரியேரா தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். 1962 ஜூனில், இருபத்திரண்டு வயதில், போர்செல்லீனோ மிக உயர்ந்த மதிப்பெண்ணுடன் பட்டம் பெற்றார். சில நாட்களில் தந்தை இறந்துபோனார். தங்கை ரீத்தா மருந்தியல் படித்துப் பட்டம் பெற்றால்தான் கடை குடும்பத்தின் கையில் நிற்கும். அதுவரை கடையை வேறொருவரிடம் குறைந்த வாடகைக்கு விட்டுவிட்டு, வீடு வயிற்றைக் கட்டிக்கொண்டு நடந்தது. அண்ணன் 1963-இல் நீதித்துறைப் போட்டித் தேர்வில் வென்றார். தங்கை 1967-இல் பட்டம் பெற்றார். 1992 மே மாதம் ஃபால்கோனேயும் ஜூலையில் போர்செல்லீனோவும் குண்டுவைத்துக் கொல்லப்பட்டது உலகறிந்த செய்தி. அந்த மருந்துக்கடைக் கதையை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அதை முதலில் படித்தபோது ஏதோ யாழ்ப்பாணத்து வீட்டுக் கதை போலிருந்தது எனக்கு. தங்கச்சியின் படிப்பு முடியட்டும் என்று தன் வாழ்க்கையைத் தள்ளிவைக்கும் அண்ணன்மாரை நாம் அறியாதவர்களா என்ன?

பலெர்மோவில் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். எண்பதுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். பெற்றோரில் பெரும்பாலோர் வீட்டுவேலை, முதியோர் பராமரிப்பு என்று உழைத்தவர்கள். சைவர்களும்கூட பெல்லெக்ரினோ மலையேறி, நகரின் காவல் புனிதையான ரொசாலியாவிடம் நேர்த்திவைப்பார்கள். அந்த நேர்த்திகளில் பிள்ளைகளின் பரீட்சையும் கட்டாயம் இருக்கும். இந்தப் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு வரை வந்துவிட்டார்கள். போர்செல்லீனோ வீட்டுக் கணக்கு இவர்களுக்கும் உண்டு. அதற்கு மேல் இன்னொரு கணக்கும் உண்டு: குடியுரிமை.

இத்தாலியக் குடியுரிமையை இன்றும் ஆள்வது 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் இலக்கச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் பத்து ஆண்டுகள் சட்டப்படி வசித்த பின்னரே விண்ணப்பிக்கலாம். குடும்பத்தின் வருமானத்தையும் காட்டவேண்டும். 2020-இல் செய்த திருத்தத்தின்படி பதிலுக்கு இரண்டு ஆண்டு, நீடித்தால் மூன்று ஆண்டு ஆகலாம். இத்தாலியிலேயே பிறந்த பிள்ளைக்கும், பெற்றோர் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்தாலொழிய, பிறப்பால் அது கிடைப்பதில்லை. பதினெட்டு வயதுவரை இடைவிடாது வசித்திருந்து, பத்தொன்பது ஆவதற்குள் கேட்டுப் பெறவேண்டும். மறுபுறம், கொள்ளுத்தாத்தா இத்தாலியர் என்பதற்காக, அந்நாட்டை ஒருநாளும் பாராத ஆர்ஜென்டீனாக்காரருக்கு 2025 மார்ச் வரை அந்த உரிமை இருந்தது. அவ்வாண்டுச் சட்டம்தான் அதைப் பொதுவாக இரண்டு தலைமுறையோடு நிறுத்தியது.

பத்து ஆண்டை ஐந்தாகக் குறைக்கலாமா என்று 2025 ஜூன் 8, 9 தேதிகளில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்களே 30 சதவீதம் அளவுதான். பாதிப்பேர் வந்தால்தான் செல்லும் என்பது விதி. ஆகவே அது விழுந்தது. எதிர்ப்பால் தோற்றிருந்தால் வாதாடலாம். அக்கறையின்மையால் தோற்றது. அதனாலேயே எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது.

சட்டப்புலத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஆறு வயதில் வந்தவள். பலெர்மோ நகரத்துப் பேச்சுமொழியில் சண்டை பிடிக்கத் தெரிந்தவள். போர்செல்லீனோவின் தெருவழியே அவள் நடக்கலாம், அவர் படித்ததைப் படிக்கலாம், ஆய்வேட்டையும் எழுதலாம். குடியுரிமை இல்லாமல் அவர் எழுதிய அந்தப் போட்டித் தேர்வை மட்டும் எழுத முடியாது. நீண்டகால வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கு 2013 முதல் பல அரசு வேலைகள் திறந்துவிடப்பட்டன; நீதிபதி பதவி அவற்றில் இல்லை. ஆகவே அவள் மேசையில் இரண்டு கோப்புகள்: ஒன்று ஆய்வேடு, மற்றது விண்ணப்பம். முதலாவதை அவளால் முடிக்க முடியும். இரண்டாவதை வேறு யாரோ முடிக்கவேண்டும்.

இதற்கிடையில் சின்னச் சின்ன சந்தோஷங்களும் உண்டு. அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கடலைமாவில் பொரித்த பனெல்லே என்ற பலகாரத்தைப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். மலிவான மத்தியானச் சாப்பாடு, நம் நாக்குக்கு அந்நியமும் அல்ல. ஃபால்கோனேயும் போர்செல்லீனோவும் சிறுவயதில் பந்தடித்த பியாத்சா மஜோனேயில் மாலைக் காற்று வாங்கலாம். பட்டம் பெறும் நாளில் தலையில் லாரல் இலை மாலை சூட்டுவார்கள், சிவப்புச் சீனி பூசிய பாதாம் கொடுப்பார்கள். அம்மா இறைச்சிக் கறிக்குப் போடும் இலையும் அதுதான் என்பது கூடுதல் வாசனை.

பெற்றோருக்கும் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோருக்கும் சொல்ல ஒன்று உண்டு. இத்தாலியில் பிறந்த பிள்ளைக்குப் பதினெட்டு ஆகுமுன்னரே, அந்த உரிமையைப் பற்றி நகரசபை அறிவிக்கவேண்டும் என்று 2013-இன் சட்டம் சொல்கிறது. அறிவிக்கத் தவறினால் பத்தொன்பது வயது கடந்தும் கேட்கலாம். பெற்றோரோ அலுவலகமோ பதிவில் விட்ட பிழை பிள்ளையின் தலையில் விழாது என்றும் அதில் இருக்கிறது. கலைவிழாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை இதை விளக்க ஒதுக்கினால் போதும். இறுதியாண்டில் ஒரு பிள்ளையின் மேசையில் ஒரு கோப்பாவது குறையும்.