மண்ணில் பிறந்தோம், மைந்தர் இல்லையா?

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தனியார் தொழிற்கூடங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூராருக்கே என்பது அதன் சாரம். முதலாளிகள் கூச்சலிட்டார்கள். இரண்டே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. கதை முடிந்தது என்று பலரும் இருந்துவிட்டார்கள். கிடப்பில் கிடக்கும் மசோதா செத்துப்போன மசோதா அல்ல என்பதை நாம் மறக்கலாகாது.

உள்ளூரார் என்றால் யார்? கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டுகள் இங்கே வசித்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் என்றது அந்த மசோதா. பள்ளியிறுதிச் சான்றிதழில் கன்னடம் ஒரு பாடமாக இல்லாதவர் தனித் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

நம் ஸ்கெலட்டன் பகுதிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்றன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நம் பிள்ளைகளின் சுரங்கம் பெங்களூர்தான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த முகங்களை நாள்தோறும் பார்க்கிறோம். கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். எழுதச் சொன்னால் பலர் தடுமாறுவார்கள். பிறப்பும் வசிப்பும் இருந்தும், எழுத்து ஒன்றில் அவர்கள் அயலாராகிவிடுவார்கள்.

இது ஒரே நாளில் முளைத்த எண்ணம் அல்ல. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலம் பிறந்தது. 1981-இல் கோகாக் குழு, உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே முதல் மொழியாக வேண்டும் என்றது. 1982-இல் நடிகர் ராஜ்குமார் தெருவுக்கு வந்ததும் அது மக்கள் இயக்கமாயிற்று. அரசும் ஆணை போட்டது. 1986-இல் சரோஜினி மகிஷி குழு வேலைவாய்ப்பைப் பற்றி அறிக்கை தந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயமாக்கியது. மேடையில் பேசிய கருத்து பள்ளிக்குள் நுழைந்தது. பள்ளியிலிருந்து ஆலை வாசலுக்கு வந்தது. கூட்டாட்சியில் சட்டம் பிறக்கும் வழி இதுதான்.

இதற்காகக் கன்னட மக்கள் மீது சினம் கொள்ளலாமா? கூடாது. தம் தலைநகரிலேயே தம் மொழிக்கு இடமில்லை என்ற அவர்களது வேதனை பொய்யல்ல. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்ததைப் பெருமையாகப் பேசும் நாம், பிறர் தம் மொழியைக் காக்கும்போது முகம் சுளிப்பது நேர்மையாகாது. தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெலுங்கு, கன்னடப் பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். நமக்குக் கேட்கும் நியாயத்தை அவர்களுக்கும் கேட்க வேண்டும். இல்லையேல் நம் வாயில் நியாயம் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1955-இல் எழுதிய மொழிவாரி மாநிலங்கள் பற்றிய நூலில், பெரும்பான்மையின் கையில் சிறுபான்மை நசுங்காதபடி காப்புகள் வேண்டும் என்று எச்சரித்தார். அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்ந்தது: தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும். ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் அம்மொழி ஆசிரியர் வேண்டும் என்பதும் அப்போது ஏற்கப்பட்ட கொள்கை. கொள்கை ஏட்டில் இருக்கிறது. கேட்பார் இருந்தால்தான் அது வகுப்பறைக்கு வரும்.

அரியானா தன் மண்ணினருக்கு 75 சதவீதம் ஒதுக்கிய சட்டத்தை 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் நீதிமன்றத்தை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அறிவுடைமை அல்ல.

ஆகவே நாம் கேட்பது மூன்று. உள்ளூரார் என்பதற்குப் பிறப்பும் வசிப்பும் போதும் என்று சட்டம் சொல்லட்டும். தமிழ்ப் பள்ளிகளில் கன்னடத்தைச் செம்மையாகக் கற்பிக்க ஆசிரியரை நியமிக்கட்டும். கற்றுத் தராமல் தேர்வு வைப்பது அநீதி. தமிழ் வகுப்புகள் மூடப்படாமல் காக்கப்படட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. கன்னட எழுத்தைக் கற்பது தமிழைக் காட்டிக்கொடுப்பது என்று நம்மவரில் சிலர் பேசுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பெங்களூர் ரயிலில் போவதில்லை போலும்! சங்க அலுவலகத்தில் மாலைக் கன்னட வகுப்பு தொடங்க வேண்டும் என்று இந்த ஏடு முன்மொழிகிறது. வீட்டில் தமிழ் வாழட்டும். கையில் கன்னடமும் இருக்கட்டும். நம் முன்னோர் இம்மண்ணைத் தோண்டியே மாண்டார்கள். இது நம் மண் என்று சொல்ல இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?