தோள்பட்டையில் கால்சியம்: 'ஷாக் வேவ்' சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்...

கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போச்சு. எக்ஸ்-ரே எடுத்தால், தோள் மூட்டுக்கு அருகே சுண்ணாம்பு அப்பியது போல ஒரு வெள்ளைத் திட்டு. 'கால்சியம் படிஞ்சிருக்கு, ஷாக் வேவ் கொடுத்தா உடைஞ்சிடும்' என்று சொன்னால், வலியில் இருப்பவர் உடனே தலையாட்டிவிடுவார். கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

வலி ஏன்?

கையைத் தூக்க உதவும் தசைநாண்களில் கால்சியம் உப்பு படிவதுதான் பிரச்சினை. 30 முதல் 60 வயதுக்குள், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம் காணப்படுகிறது. இதற்காகப் பாலையும் கீரையையும் நிறுத்த வேண்டியதில்லை. சாப்பிடும் கால்சியம் இதற்குக் காரணமல்ல. படிவு உருவாகும்போதைவிட, உடல் அதைத் தானாகக் கரைக்கும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகிறது. அதாவது, உயிர் போகிற மாதிரி திடீரென வரும் வலி, பல நேரம் குணமாவதன் தொடக்கம்.

அலை என்ன செய்யும்?

சிறுநீரகக் கல்லை உடைக்க 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட நுட்பம்தான் பின்னர் தோளுக்கு வந்தது. ஆனால், இங்கே கல் உடைவது போல ஒரே நாளில் எதுவும் நொறுங்குவதில்லை. படிவை உடலே கரைப்பதை அலை தூண்டுவதாகக் கருதப்படுகிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பலன் உண்டா? 144 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், அதிக ஆற்றல் அலை பெற்றவர்களுக்கு, குறைந்த ஆற்றல் பெற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம் தெரிந்தது. போலி சிகிச்சை பெற்றவர்கள் கடைசி இடத்தில் இருந்தார்கள். ஆனால், 32 ஆய்வுகளை அலசிய 2020ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, தோள் தசைநாண் வலிக்கு இந்தச் சிகிச்சையால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் குறைவு என்றது. எந்தக் கருவி, எவ்வளவு ஆற்றல் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுவது குழப்பத்துக்கு ஒரு காரணம். ஆழத்தில் குவியும் அலை ஒரு வகை. தோலிலேயே ஆற்றல் குறையத் தொடங்கும் 'ரேடியல்' அலை இன்னொரு வகை. இரண்டுக்கும் பெயர் மட்டும் 'ஷாக் வேவ்'.

என்ன கேட்க வேண்டும்?

ஆகவே, இது ஏமாற்று வேலையும் இல்லை, மந்திரமும் இல்லை. வலி மாத்திரை, சில மாத உடற்பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு யோசிக்க வேண்டிய வழி. முதல் நாளிலேயே மொத்த 'சிட்டிங்'குக்கும் பணம் கட்டச் சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

* எக்ஸ்-ரே அல்லது ஸ்கேனில் படிவு உறுதியாகியிருக்கிறதா?
* வலிக்கு அதுதான் காரணமா? வலியே இல்லாதவர்களின் தோளிலும் படிவு இருப்பதுண்டு.
* கருவி எந்த வகை, ஆற்றல் எவ்வளவு?
* பலிக்காவிட்டால் அடுத்தது என்ன? ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் படிவைக் கழுவி எடுக்கும் முறையும் இருக்கிறது.

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேரடியாகப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் தோளைக் கொடுக்க வேண்டாம்.