விளையாட்டில் விளைந்த பணம்

விளையாடினால் பணம் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் வந்தது.

2020-ம் ஆண்டு. கொரோனாவினால் ஊரடங்கு. பலர் வேலை இழந்தனர். அப்போது, "ஆக்ஸி இன்பினிட்டி" என்ற விளையாட்டு அங்கே பரவியது. வியட்நாம் நாட்டுக் கம்பெனி ஒன்று உருவாக்கிய விளையாட்டு அது.

திரையில் பிராணிகள்

அப்போது ஆட்டத்தில் சேர மூன்று பிராணிகளை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. எல்லாம் திரையில் மட்டுமே வாழும் பிராணிகள்! யாருடைய பிராணி எது என்பது "பிளாக்செயின்" என்னும் கணினிப் பேரேட்டில் பதிவாகும். சண்டையில் ஜெயித்தால் மின்னணு நாணயம் கிடைக்கும். அதை விற்று அரிசி வாங்கிய குடும்பங்கள் உண்டு.

பணம் இல்லாதவர்கள் பிறர் பிராணிகளை வாரத்துக்கு எடுத்து ஆடினார்கள். வருமானத்தில் ஒரு பங்கு சொந்தக்காரருக்குப் போயிற்று.

விலை சரிந்தது

ஆனால், அங்கே நெல் விளையவில்லை, பால் கறக்கவில்லை. பிறகு பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும், புதிதாகச் சேர்ந்தவர்கள் போட்ட பணம்தான்! புதியவர்கள் வருவது குறைந்தது. நாணயத்தின் விலையும் சரிந்தது. 2021 ஜூலையில் 30 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் விற்ற நாணயம், அடுத்த ஆண்டு நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போயிற்று.

2022 மார்ச்சில் இன்னொரு அடி. விளையாட்டின் கணினி வலையில் புகுந்த திருடர்கள், 60 கோடி டாலருக்கு மேல் சுருட்டிவிட்டார்கள்!

கஷ்ட காலத்தில் சிலருக்குச் சோறு போட்டது உண்மை. கடன் வாங்கிப் பிராணி வாங்கியவருக்கோ கடன்தான் மிச்சம்.

இப்போது திரையில் பயிர் வளர்த்தால் பணம் என்கிற விளையாட்டுகளும் வந்துவிட்டன. சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது நல்லது: "கிடைக்கப்போவது யார் போட்ட பணம்?"