பந்துகளை எண்ணும் ஆசிரியர்

பெங்களூர் பிரேசர் டவுனில் கோல்ஸ் ரோட்டுக்குச் சமீபத்திலுள்ள ஒரு மைதானத்தில், மார்கழிப் பனி முற்றும் விலகாத ஒரு காலை வேளையில், பதினான்கு பிராயம் மதிக்கத்தக்க பையன் ஒருவன் வலைக்குள் நின்ற மட்டையாளனுக்கு இடைவிடாமல் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்ததை, உலாவப் போன நான் வேலியோரமாக நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா எண்ணத் தொடங்கியவன், நிறுத்த மனம் வராமல் 112 வரையில் எண்ணினேன். அதாவது பதினெட்டு ஓவரும் அதற்கு மேல் நான்கு பந்தும். ஒவ்வொரு பந்துக்கும் தரையில் இழுபட்டு இழுபட்டு அவனுடைய வலது காலணியின் பெருவிரல் பக்கம் தேய்ந்து, காலுறை வெளியே தெரிந்தது. வலைக்குள் மட்டையாளர்கள் மூன்று பேர் மாறினார்கள். பந்து வீசியவன் மாறவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவனிடம், "எத்தனை பந்து போட்டே தம்பி?" என்று கேட்டேன். இடுப்பின் பின்புறத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, "பால் எல்லாம் யாரும் எண்ண மாட்டாங்க அங்கிள், ரன்னுதான் எண்ணுவாங்க" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

அந்தப் பதிலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வேகப்பந்து வீசுகிறவன் முன்காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும், அவனுடைய தேக எடையைப்போலப் பல மடங்கு விசை கால் வழியாக ஏறி இடுப்பு முதுகெலும்பைத் தாக்குகிறது என்பதும், எலும்பு முற்றாத பிராயத்தில் ஓய்வின்றி இது தொடர்ந்தால் மயிரிழை போன்ற விரிசல் உண்டாகிறது என்பதும் வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விஷயங்கள். 1973ல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியைச் சாய்த்தது இத்தகைய விரிசல்தான். 2019ல் நம் பும்ராவை ஆட்டத்திலிருந்து விலக்கிவைத்ததும் இதுவே. தன் உடம்பிலேயே இந்த வலியை அனுபவித்தறிந்த ஒரு பழைய பந்துவீச்சாளர், பையன்கள் பயிலும் ஒவ்வொரு மைதானத்திலும் ஆசிரியராக இருந்தே தீரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1987ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தார் வேகப்பந்துப் பயிற்சிக்கூடம் ஏற்படுத்தியபோது, முதுகு நொறுங்கியும் தாம் வீசும் முறையையே திருத்தி அமைத்துக்கொண்டு மீண்டுவந்து, 355 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வுபெற்ற அதே லில்லியைத்தான் ஆசிரியராக வரவழைத்தார்கள். அவருக்குத் துணையாக நின்று பையன்களைக் கவனித்துக்கொண்டவர் டி.ஏ.சேகர். நம் பெங்களூர் வெங்கடேஷ் பிரசாத் அங்கே பயின்றவர்; 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்த்திய அவரே பிற்பாடு இந்திய அணியின் பந்துவீச்சுக் கோச்சாகவும் இருந்தார்.

ஆனால் என் மனத்தில் விசேஷ ஸ்தானம் பெற்றவர் பரத் அருண். 1986 டிசம்பரில் இலங்கைக்கு எதிராக இந்திய அணியில் இடம்பெற்ற அந்தத் தமிழ்நாட்டு வீரர் ஆடிய டெஸ்டுகள் இரண்டு, வீழ்த்திய விக்கெட்டுகள் நான்கு. அத்தோடு அவருடைய சர்வதேச டெஸ்ட் வாழ்வு இருபத்தைந்து வயது நிரம்புமுன்னே முடிந்துபோயிற்று. (சேகர் ஆடியவையும் இரண்டே டெஸ்டுகள்தாம்.) 1987-88ல் ரஞ்சிக் கோப்பை வென்ற தமிழ்நாட்டு அணியில் அருண் இருந்தார் என்பதைத் தவிர, புள்ளிவிவரப் புத்தகத்தில் அவரைப் பற்றிப் பெருமையாக எடுத்துச் சொல்ல அதிகமில்லை. அப்படிப்பட்டவர், எங்கள் பேட்டையிலிருந்து ஒரு மணி நேர நடைத்தூரத்தில் சின்னசாமி மைதானத்தில் இயங்கிவந்த தேசிய கிரிக்கெட் அகாடமியில் இளைஞர்களுக்குப் பந்துவீச்சு கற்பித்து, 2012ல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்குக் கோச்சாக இருந்து, 2016-17 பருவத்தில் ஐதராபாத் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகன், முறையான பயிற்சி அதிகம் இல்லாமல் வேகம் ஒன்றையே கைம்முதலாகக் கொண்டிருந்தவன், அந்த ஒரே பருவத்தில் 41 விக்கெட்டுகள் எடுத்தான். அவன்தான் முகமது சிராஜ்.

2021 ஜனவரியில் பிரிஸ்பேனின் கப்பா மைதானத்தில் நடந்ததை நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடல் சிலிர்க்கிறது. பும்ரா, ஷமி, அசுவின், ஜடேஜா எல்லோரும் காயத்தால் விலகிவிட, எஞ்சிய ஐந்து பந்துவீச்சாளர்களும் அதற்குமுன் ஆடியிருந்த டெஸ்டுகளைக் கூட்டினால் நான்குதான் வரும். சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல் டெஸ்ட். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோல்வியே காணாத அந்த மைதானத்தில், தந்தையை இழந்து இரண்டே மாதமான சிராஜ் இரண்டாவது இன்னிங்சில் 73 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அன்று பந்துவீச்சுக் கோச்சாக இருந்தவர் பரத் அருண். அந்த வெற்றியில் அவருக்குரிய பங்கைக் காட்டும் பத்தி எந்த ஸ்கோர் அட்டையிலும் கிடையாது.

அமெரிக்கர்களின் பேஸ்பாலிலும் இதற்கு நிகரான ஒரு வாழ்க்கை உண்டு. டாம் ஹவுஸ் அட்லாண்டா அணியில் பந்தெறியும் பிட்சராக இருந்தவர். 1974 ஏப்ரல் 8 அன்று, ஹாங்க் ஆரன் பேப் ரூத்தின் சாதனையை முறியடித்து அடித்த 715வது ஹோம் ரன் பந்து, எல்லைக்கு அப்பால் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில் வந்து விழ, அதைப் பிடித்தவர் இவர்தான். பிடித்த கையோடு ஓடிச்சென்று ஆரனிடமே கொடுத்துவிட்டார். எட்டு ஆண்டு ஆட்டத்தில் அவர் பெயரை ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு பந்துக்காகத்தான். கோச்சான பிறகோ, எறியும் தோளைப் பற்றிய சாஸ்திரத்தையே தம் ஆயுட்கால ஆராய்ச்சியாக்கிக்கொண்டு, 46 வயது வரை எறிந்த நோலன் ரயனுக்கு உற்ற ஆசிரியராக விளங்கினார். 2008ல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பேஸ்பாலைக் கண்ணால்கூடப் பாராமல் அமெரிக்கா போய், சில மாதங்களிலேயே பிட்ஸ்பர்க் அணியின் ஒப்பந்தம் பெற்றது அவருடைய போதனையினால்தான்.

அந்நாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. சிறுவர்களுக்கான லிட்டில் லீக் பேஸ்பாலில், 2007 முதல் எறியும் பந்துகளுக்கே வரம்பு விதித்திருக்கிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியலாகாது. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு கட்டாயம். ஆட்டந்தோறும் ஒருவர் கையில் காகிதத்தோடு உட்கார்ந்து எண்ணுகிறார்.

பிளேக் நோய்க்குப் பிறகு தண்டு என்னும் கன்டோன்மென்ட் பகுதி ஜனங்களுக்காக எழுந்த இந்தப் பிரேசர் டவுனில், புலகேசி நகர் என்று பெயர் மாறிய பின்னும் தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே வீதியில் ஒலிக்கின்றன. லீக் ஆட்டங்களில் இருபது வருஷம் பந்து வீசி, இன்று வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சாயங்காலங்களில் மாஸ்க் ரோட்டுத் தேநீர்க் கடைகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் குறைவில்லை. மாநிலக் கிரிக்கெட் சங்கமும் பள்ளி நிர்வாகிகளும் அவர்களில் தகுந்தவர்களைத் தேர்ந்து, சிறு சம்பளம் தந்து, பயிற்சி மைதானத்துக்கு ஒருவராக நியமிக்கலாம். முதல் வருஷம் அவர் வேறொன்றும் கற்பிக்க வேண்டாம். பையனுக்கொரு நோட்டுப் புத்தகம் போட்டு, அன்றன்று வீசிய பந்துகளைக் குறித்து, வரம்பு வந்ததும் பந்தை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவனை வைத்தியரிடம் அனுப்புகிற அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும். ஏப்ரலில் கோடை முகாம்கள் தொடங்குகின்றன. பணம் கட்டுமுன் பெற்றோர்கள், "எங்கள் பையன் ஒரு நாளைக்கு எத்தனை பந்து போடுவான், அதை எண்ணுகிறவர் யார்?" என்று கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளட்டும்.