ஆகுமானதை அஞ்சி விலக்கலாமா?

மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ப் பகுதிகளில் இயற்கை உணவு அங்காடிகள் பல உள்ளன. தூய உணவைத் தேடுவது மார்க்கம் விரும்புவதே. ஆயினும், அத்தேட்டம் எல்லை மீறினால் பிணியாகிவிடும். அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் 1997இல் அதற்கு ‘ஆர்த்தோரெக்சியா’ எனப் பெயரிட்டார்.

அரிசி, எண்ணெய், பால் என ஒவ்வொன்றாக விலக்குதல். நாளெல்லாம் உணவையே எண்ணுதல். தவறி உண்டால் பாவம் செய்தாற்போல் பதறுதல். உறவினர் விருந்தையும் நோன்புக் கஞ்சியையும் அஞ்சி ஒதுக்குதல். உடல் மெலிதல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

துணைவியரின் மனநிறைவுக்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் தேனை விலக்கிக்கொண்டதையும், ஆகுமானதை ஏன் விலக்கிக்கொள்கிறீர் என இறைவன் வினவியதையும் நாம் அறிவோம். மருத்துவர் சொற்படி சர்க்கரையைத் தவிர்ப்பது வேறு. வீண் அச்சத்தால் ஹலாலை ஹராமாக்கிக்கொள்வது வேறு.

பெற்றோரே! ஏசுவதாலும் வற்புறுத்தி ஊட்டுவதாலும் இப்பிணி தீராது. மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் இணைந்து, அச்சத்தைத் தணித்து, விலக்கிய உணவுகளைச் சிறிது சிறிதாக மீட்டுத் தருவர். அரசின் 14416 என்னும் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். பிணிக்கு மருத்துவம் தேடுவதும் நபிவழியே. துஆவுடன் அதனையும் தேடுங்கள், தாமதியாதீர்கள்.