மருந்துச் சீட்டில் எழுத முடியாதது

எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரே நாளில் பலமுறை நாங்கள் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு: "கீரை, காய்கறிகளை நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்." தலையசைக்கும் பெற்றோரும், அருகில் முகம் சுளிக்கும் பிள்ளையும் எங்களுக்குப் பழகிய காட்சி. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. நாங்கள் சொல்வது அடுப்படி வரை போய்ச் சேரவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

இரத்தசோகைக்காக எங்களிடம் வந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மூன்றாம் மாதம் வந்தபோது பள்ளித் தோட்டத்தில் தான் விதைத்த முளைக்கீரையைப் பற்றியே பேசினாள். இருபத்தைந்தாம் நாள் பறித்தாளாம். வீட்டில் கடைந்து தரச் சொல்லிக் கேட்டாளாம். அவளது ஹீமோகுளோபின் உயர்ந்தது இரும்புச்சத்து மாத்திரையால்தான். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஏற்கும். ஆயினும், மாத்திரை நின்ற பின்னரும் அவள் தட்டில் கீரை இருக்கும். அந்த விருப்பத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்க எங்களால் இயலாது.

ஆகவே எங்கள் கருத்து இது: பள்ளித் தோட்டம், பார்வையிட வருவோருக்கான அலங்காரமாக இல்லாமல், வாரம் ஒரு பாடவேளையாக அமைய வேண்டும். மதிய உணவுத் திட்டத்தின்கீழ் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க நடுவண் அரசு 2019இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இடமில்லாத நகரப் பள்ளிக்கு மாடியும் சில தொட்டிகளும் போதும். மதிப்பெண் இல்லாத பாடம் எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். நாற்பது வயதில் ஒருவரது உணவுப் பழக்கத்தை மாற்ற நாங்கள் படும் பாட்டை அவர்கள் அறியார். பத்து வயதில் அது எளிதாகப் படியும்.

வீட்டில் தொடங்குவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு பெருகும். வாரம் ஒருமுறையேனும் கொட்டித் தேய்த்துக் காயவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலணியும் கையுறையும் இன்றி மண்ணில் இறங்க வேண்டாம். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் மண்வேலையைப் பிறரிடம் விடுவது நன்று. சிறுநீரக நோயாளிகளும் வார்ஃபரின் மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் கீரையின் அளவைக் கூட்டலாகாது. மற்றவர்கள் கீரையில் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்ணலாம்; இரும்புச்சத்து நன்கு சேரும். உணவோடு தேநீர் வேண்டாம்.

அடுத்த முறை நீங்கள் வரும்போது, பரிசோதனை முடிவுகளோடு, உங்கள் பிள்ளை என்ன விதைத்திருக்கிறது என்பதையும் கேட்போம்.