ஓதற்பிரிவு யாருக்கு உரியது?

கல்வியின்பொருட்டுத் தலைவன் பிரிந்து செல்வதற்குத் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். அப்பிரிவு மேலோர்க்கே உரியதென்றார். கடல்வழிச் செலவு பெண்ணொடு கூடியதன்று என்றும் வரையறுத்தார். இவற்றிற்கு உரைகாரர் பலபடப் பொருள் விரித்துள்ளனர். அவ்வாராய்ச்சியைப் புலவர்களிடம் விட்டுவிடுவோம். நம்மை உறுத்தும் வினா வேறு. இன்றைய யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கடல் கடந்து கற்கச் செல்பவர் யார்? மேலோர் என்ற சொல்லின் பொருள்தான் மாறியிருக்கிறது. ஈடு வைக்கக் காணியும், கனடாவிலோ இலண்டனிலோ பணம் அனுப்ப ஓர் உறவும் உள்ளவரே இன்று மேலோர். இலக்கணம் மாறவில்லை!

ஒரே வாங்கில் அமர்ந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்த இரு மாணவரை நாம் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். பல்கலைக்கழக இடங்களுள் நூற்றுக்கு 40 திறமைக்கும், 55 மாவட்ட அடிப்படைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது நடைமுறை. இருவருமே மருத்துவபீடத்தைச் சிறு வேறுபாட்டால் இழக்கிறார்கள். ஒருவன் மாமனார் அனுப்பும் பணத்தில் சீனத்துக்கோ உருசியாவுக்கோ விமானம் ஏறுகிறான். கடற்றொழிலாளியின் மகளான மற்றவள் ரியூசன் கொட்டிலில் சிறுவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். இவ்விருவரையும் பிரித்தது அறிவா? வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கான அறிவித்தல், அதுவும் ஆங்கிலத்தில், விண்ணப்ப முடிவுநாள் கழிந்த பின்னர் ஒரு பாடசாலையின் பலகையில் ஒட்டப்பட்டதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். செய்தியும் இங்கே சிலருடைய சொத்தாகிவிட்டது.

“உலகம் முழுவதும் இப்படித்தான், ஏழைக்கு எந்த நாடு கதவு திறக்கும்?” என்று நம்மவர் பெருமூச்செறிவர். திறந்த நாடு ஒன்று உண்டு. 1998இல் ஜோர்ஜ், மிட்ச் என்னும் சூறாவளிகள் கரிபியன் தீவுகளையும் மத்திய அமெரிக்காவையும் சிதைத்தன. வைத்தியர்களை அனுப்பிய கியூபா அதனோடு நிற்கவில்லை. அந்நாடுகளின் ஏழைப் பிள்ளைகளையே வைத்தியர்களாக்க முனைந்தது. ஹவானாவுக்கு மேற்கே, கடற்படைக் கல்விக்கூடமாக இருந்த கட்டடங்களில், 1999இல் இலத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரி பிறந்தது. போர்க்கலை பயின்ற இடத்தில் உயிர் காக்கும் கலை குடியேறியது. ஆறாண்டுப் படிப்பு, கட்டணம் இல்லை, உறையுளும் உணவும் நூல்களும் இலவசம். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 30,000க்கும் அதிகமான வைத்தியர்கள் இதுவரை அங்கிருந்து வெளியேறியுள்ளனர். அவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க்கிலுள்ள றிவர்சைட் தேவாலயத்தில் பேசிய பிடல் காஸ்ட்ரோ, ஐக்கிய அமெரிக்காவின் ஏழை மாணவருக்கும் அக்கல்லூரியில் இடம் உண்டென்றார். மறு ஆண்டே மாணவர் சென்றனர். உலகின் பெருஞ்செல்வ நாட்டில் மருத்துவக் கல்விக்கு விலை கொடுக்கவியலாத கறுப்பினத்தவரும் குடியேறிகளின் பிள்ளைகளும், தம் நாடு 1962 முதல் வணிகத்தடையால் நெரித்துவரும் ஒரு சிறு தீவில் கல்வி பெற்றனர்! அவர்களிடம் கேட்கப்பட்ட விலை ஒன்றே: பட்டம் பெற்றபின் வைத்திய வசதியற்ற தம் மக்களிடையே பணிபுரிவோம் என்னும் வாக்குறுதி.

அவ்வாழ்வு இனித்ததென்று நாம் கதைக்க வரவில்லை. இரும்புக் கட்டில்கள் அடுக்கிய பொது உறங்குகூடம், மின்வெட்டு, தண்ணீர்த் தட்டுப்பாடு, மாதம் நூறு பெசோ கைச்செலவு. ஸ்பானிய மொழி அறியாதவர் முதலில் அம்மொழியையே பயில வேண்டும். வீட்டில் ஸ்பானிய மொழி பேசியதற்காக ஏளனப்பட்டு வளர்ந்த குடியேறியின் பிள்ளைக்கு அங்கே அதே மொழி பலமாயிற்று. சுருண்ட தலைமயிரைக் குறைகூறும் பேச்சு அத்தீவிலும் ஒழிந்துவிடவில்லை என்பதைக் கறுப்பினப் பெண் உணர நேர்ந்தது. எல்லாரும் ஒன்றுபோலவே அயல்நாட்டை அனுபவிப்பதில்லை. ஆனால் குவாத்தமாலாவின் பழங்குடி உழவன் மகனும் ஆபிரிக்கத் தொழிலாளியின் மகளும் அடுத்தடுத்த கட்டில்களில் உறங்கி எழுந்தனர்.

இங்கே நம் வரலாற்றை நினையாதிருக்க முடியுமா? உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டுமென்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பணிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கொதித்தெழுந்தோர் கல்லாதவர் அல்லர், கற்றோரும் செல்வருமே. நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறுவதை அவர்களாற் பொறுக்க இயலவில்லை. 1945இன் இலவசக் கல்வி அந்த வாங்கை நீட்டியது. பணமோ இன்று அதே வாங்கைக் குறுக்கி வெட்டுகிறது.

“கியூபா சுவர்க்கமா?” என்று கேட்பர். அல்ல. அங்கே பண்டத் தட்டுப்பாடு உண்டு. மாற்றுக் கருத்துக்கு இடம் சுருங்கியதே. வெளிநாடு செல்லும் வைத்தியரின் ஊதியத்திற் பெரும்பங்கை அரசே எடுத்துக்கொள்கிறது என்னும் கண்டனத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது யாரைத் தெரிவது, எதற்காகக் கற்பிப்பது என்னும் இரண்டையுமே. ஹொண்டுராசின் கரீபூனா இனத்தவரான லூதர் காஸ்டிலோ அக்கல்லூரியில் 2005இற் பட்டம் பெற்ற முதல் அணியினருள் ஒருவர். தம் மக்களுடன் சேர்ந்து சிரிபோயா என்னும் கடலோரக் கிராமத்தில் அவர்களின் முதல் மருத்துவமனையை எழுப்பினார். நாம் அனுப்பும் பிள்ளைகளிடம் எதை எதிர்பார்க்கிறோம்? பட்டம் சீதனத்தின் விலையை உயர்த்துகிறது. கடவுச்சீட்டு அதனை இரட்டிப்பாக்குகிறது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குச் சென்று பணியாற்றும் வைத்தியனை எந்தத் தரகன் புகழ்ந்து பேசுகிறான்?

போரில் உயிர் காக்க ஓடியவரையோ, 2022இன் நெருக்கடியில் வெளியேறிய வைத்தியரையோ நாம் பழிக்கவில்லை. குற்றம் அமைப்பினது. ஆயின் முற்போக்காளராகிய நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியை எதிர்த்து மாணவர் வீதியில் இறங்கினர். அதனை ஒழிக்க அரசு 2017இல் முடிவெடுத்தது. நியாயமான போராட்டமே. உள்நாட்டிற் கல்வி விற்கப்படுவதைக் கண்டு கொதித்த நாம், அதே சரக்கு கடலுக்கு அப்பால் விலைப்படும்போது வாய் திறவாதிருப்பது ஏன்? நம் பிள்ளைகளும் வாங்குவோர் வரிசையில் நிற்பதாலா?

புலமைப்பரிசில் அறிவித்தல்கள் தமிழில், உரிய காலத்தில், எல்லாப் பாடசாலைகளுக்கும் வரவேண்டும். தெரிவுப் பட்டியல்கள் காரணங்களோடு பகிரங்கமாக வேண்டும். பயணச் செலவுக்கு வழியற்ற பிள்ளைக்கு ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர் பழைய மாணவர் சங்கங்களும், கோபுரத்திற்கும் மண்டபத்திற்கும் கொட்டும் பணத்திற் பங்கு ஒதுக்கவேண்டும். ஆசிரியர்களே, மாணவ நண்பர்களே, இவற்றைக் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

அந்தக் கடற்றொழிலாளியின் மகள் இன்றும் ரியூசன் கொட்டிலில் நிற்கிறாள். அவளுடைய தந்தையின் வள்ளத்துக்குக் கடல் திறந்துதான் கிடக்கிறது. அவளுக்கு அதை அடைத்தவர் யார் என்பதை எழுதும் இலக்கணமே இனி நமக்கு வேண்டியது.